மலை வீட்டில் தனித்திருக்கும் அப்பா அம்மா: குறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, அப்புத்தளை என்று எந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமானாலும் கதை ஒன்றுதான். பிள்ளைகள் கொழும்பிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் லயத்திலோ (தோட்டத்து வரிசை வீட்டிலோ) ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீட்டிலோ இருக்கிறார்கள். எங்களோடு வந்துவிடுங்கள் என்றால் வர மாட்டார்கள். பல வீடுகளில் அவர்கள் சொல்வதுதான் சரி. கொழும்பில் மூன்றாம் மாடி அறைக்குள் அடைந்து கிடப்பதைவிட, சிறு திருத்தங்கள் செய்த சொந்த வீடு பாதுகாப்பானது.

உங்கள் வீட்டில் தெரியும் குறியைக் கீழே தேடி, அந்தப் பகுதியை வாசித்தால் போதும். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: பிழை தெரியும் இடமும் காரணம் இருக்கும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு. படியில் விழுந்தவரின் காரணம் மாத்திரை உறைக்குள் இருக்கலாம். மாத்திரை மிஞ்சிக் கிடப்பதற்குக் காரணம் மலசலகூடத்தின் தூரமாக இருக்கலாம். ஆகவே கையில் எந்தச் சாமானும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். ஓர் இரவும் ஒரு விடியற்காலையும் கூட இருந்து பாருங்கள். கேட்டால் "எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்றுதான் பதில் வரும். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்று வாழ்ந்த தலைமுறை, நோவை வாய்விட்டுச் சொல்லாது.

இவற்றைக் கண்டால் வாசிப்பதை நிறுத்திவிட்டு 1990 அம்புலன்ஸை அழையுங்கள்

வாய் ஒரு பக்கம் கோணியிருத்தல், ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறுதல்: பாரிசவாதத்தின் அடையாளங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்ற வேண்டுமானால் தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். அந்த வசதி பெரிய வைத்தியசாலைகளில்தான் உண்டு. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயில் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம்.

விழுந்தபின் எழும்ப முடியவில்லை, ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது என்றால் இடுப்பெலும்பு முறிந்திருக்கக்கூடும். தோளில் தூக்கிக்கொண்டு இறங்காதீர்கள்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். சிக்கல், அது லயத்து வாசல் வரை வராமல் போகலாம் என்பதுதான். ஒரே தோட்டத்தில் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று இருக்கும். பிரிவைத் தவறாகச் சொன்னால் வண்டி பள்ளத்தாக்கின் மறுபக்கத்தில் போய் நிற்கும். தோட்டத்தின் பெயர், பிரிவு, வண்டி வந்து நிற்கக்கூடிய இடம், இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். அதுவரை யார் தூக்கிக்கொண்டு போவது என்பதையும் நல்ல நாளிலேயே பேசி வையுங்கள். கைப்பிடியுள்ள உறுதியான கதிரை ஒன்றும் நான்கு ஆட்களும் போதும்.

குறி: இரவில் எழும்பும்போது தடுமாறுகிறார், விழுகிறார்

பிள்ளைகள் முதலில் வாங்குவது டோர்ச். டோர்ச்சைப் பிடித்தால் ஒரு கை போய்விடும்; மற்றக் கையில் ஊன்றுகோல் இருந்தால் சுவரைப் பிடிக்கக் கையில்லை. வெளிச்சம் வேண்டும்தான், ஆனால் அது சுவரில் இருக்கட்டும். மின்சாரம் போனால் தானாக எரியும் சார்ஜ் பல்பு ஒன்று வாசலிலும் ஒன்று மலசலகூடப் பாதையிலும் போதும்.

அடுத்து, ஏன் எழும்புகிறார் என்று பாருங்கள். சிறுநீருக்காக என்றால் வரிசையாக விசாரியுங்கள். நீர் போவதற்கான மாத்திரையை மாலையில் போடுகிறாரா? அதைக் காலைக்கு மாற்றலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். பகலில் கணுக்கால் வீங்குகிறதா? பகல் முழுவதும் காலில் தேங்கிய நீர்தான் படுத்தபின் சிறுநீராக இறங்குகிறது. பிற்பகலில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் இரவு நடை குறையும். சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் அடிக்கடி போகும். ஆணானால் புரொஸ்டேட். எல்லாம் சரி என்றால், இரவு எட்டரைக்குக் குடிக்கும் அந்தத் தேத்தண்ணீர்.

சிறுநீர் காரணமில்லை, எழும்பியவுடன் கண் இருட்டுகிறது என்றால் அது வேறு பிழை. உட்கார்ந்திருக்கும்போது ஒரு தடவையும், எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடியும் பிரஷர் பாருங்கள். மேல் இலக்கம் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அந்த மூன்று அளவுகளையும் எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள். பிரஷர் மாத்திரைகளில் சிலவும் புரொஸ்டேட் மாத்திரைகளில் சிலவும் இதைச் செய்யும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாற்றித் தரும்வரை, கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்து எழும்பும் பழக்கம் போதுமான காவல்.

இவ்வளவுக்கும் பிறகுதான் வீட்டுக்கு வர வேண்டும். மலசலகூடம் லயத்துக்கு வெளியே இருந்தால், இரவில் அங்கே போகாமலிருப்பதே சிறந்த திருத்தம். ஆண்களுக்கு மருந்துக் கடையில் சிறுநீர்ப் போத்தல் கிடைக்கும். அம்மாவுக்கு நடுவில் துளையிட்ட மரக் கதிரையும் கீழே மூடியுள்ள வாளியும். பிளாஸ்டிக் கதிரையில் துளை வெட்டிக் கொடுக்கிறார்கள். வெட்டிய இடத்திலிருந்து வெடித்துவிடும், வேண்டாம். "வீட்டுக்குள்ளேயா?" என்று முகம் சுளிப்பார்கள். மழைக்காலத்துக்கு மட்டும் என்று சொல்லி வையுங்கள். மழை விட்டபின் யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

குறி: வாசல் படியில், பீலிக்கரையில் (தண்ணீர் பிடிக்கும் இடத்தில்) வழுக்குகிறது

பாசிதான். சோப்புப் போட்டுத் தேய்த்தால் போகாது. குளோரின் தூளைக் கரைத்து ஊற்றி, கொஞ்ச நேரம் ஊற விட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஈரப் பருவத்தில் மாதம் ஒரு முறை. படிக்குப் புதிதாகச் சீமெந்து பூசினால் மேசன் பாஸை அழகாக மெழுகவிடாதீர்கள். ஈரம் காயுமுன் விளக்குமாற்றால் குறுக்கே கோடு இழுக்கச் சொல்லுங்கள். படியின் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட்.

கைப்பிடியில்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். நகரத்தில் விற்கும் பளபளக்கும் கைப்பிடியைப் பழைய லயத்துச் சுவரில் பூட்டினால் நிற்காது. அந்தச் சுவர்களில் பல கருங்கல்லை மண்ணில் அடுக்கி மேலே பூச்சு இட்டவை. ஆணி இறங்கும், உறுதியாக இருப்பதுபோலவும் தெரியும். ஒரு ஆள் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கும் அன்று பூச்சோடு கையில் வரும். துளைத்து மறுபக்கம் நட்டுப் போடலாம் என்றால், மறுபக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் காம்பரா (லயத்து அறை). ஆகவே சுவரை விட்டுவிடுங்கள். ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்பை நிலத்தில் ஒன்றரை அடி தோண்டி கொங்கிறீட் போட்டு நிறுத்துங்கள். படிக்கு இரு முனையிலும் ஒவ்வொன்று, மேலே குறுக்காக ஒன்று. அதைவிடப் பருத்த பைப்பு வயதான கைக்குள் அடங்காது. விடியற்காலைக் குளிரில் இரும்பைத் தொடக் கை கூசும், மழையில் வழுக்கும். பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி நெருக்கமாகச் சுற்றினால் இரண்டும் தீரும்.

லயம் தோட்டத்துக்குச் சொந்தம். நிலத்தில் பைப்பு நடுவதற்கு முன் தோட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, அதன் பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பிடி வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிறகு வரும் கேள்விக்குத்தான் அந்தக் கடிதம்.

படியில் மட்டும் விழுகிறார், சமதரையில் சரி என்றால் கண்ணைப் பாருங்கள். வாசிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி இறங்கினால் படி எங்கிருக்கிறது என்று தெரியாது. கண்புரையாக இருந்தால் அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை இலவசம்.

குறி: மாத்திரை மிஞ்சுகிறது, அல்லது கிளினிக் நாளுக்கு முன்பே முடிந்துவிடுகிறது

இந்தப் பகுதியை எல்லோரும் வாசிக்கலாம். மற்றப் பிழைகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

கிளினிக்கில் மாத்திரைகளை எண்ணிச் சிறு கடதாசி உறைகளில் போட்டுத் தருகிறார்கள். உறையில் மருந்தின் பெயர் ஆங்கிலத்தில். எப்போது, எத்தனை என்பது பேனாக் கிறுக்கலில், சில நேரம் சிங்களத்தில். வீட்டுக்கு வந்ததும் அம்மா எல்லா உறைகளையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போடுவார். உறை கிழிந்தால் மாத்திரையைப் போன மாதத்து உறைக்குள் மாற்றுவார். அந்த டின்னை ஒரு தாளில் கவிழ்த்துப் பாருங்கள்: பழைய தேதியுள்ள உறைகள், உறையே இல்லாத வெள்ளை மாத்திரைகள், நடுவில் பனடோல் அட்டை, பொடிந்துபோன பாதிகள்.

மிஞ்சினால் எது மிஞ்சுகிறது என்று பாருங்கள். காரணத்தை அது சொல்லும். மெட்ஃபோர்மின் மிஞ்சினால் வயிறு இளகுகிறது என்று பொருள். மலசலகூடம் தூரத்தில் இருப்பவருக்கு அது பெரிய தண்டனை, பேசாமல் விட்டுவிடுகிறார். சாப்பாட்டோடு போட்டால் குறையும், குறையாவிட்டால் மெதுவாகக் கரையும் வகை உண்டா என்று கேளுங்கள். நீர் போகும் மாத்திரை மிஞ்சினால் பஸ் பயணத்தை நினையுங்கள். டவுனுக்கோ கோயிலுக்கோ போகும் நாளில் அதைப் போட மாட்டார், வழியில் இறங்க இடமில்லை. அந்த நாட்களில் வீடு திரும்பியதும் போடலாமா என்று வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்தால் தீர்ந்தது.

முன்பே முடிந்தால் இரண்டு சந்தேகம். போட்டதை மறந்து மறுபடியும் போடுகிறார்; இது ஆபத்து. அல்லது பக்கத்து வீட்டுக்காரருக்கும் பிரஷர்தானே என்று கொடுக்கிறார். இதுவும் ஆபத்து, ஆனால் திட்டாதீர்கள். அதே பக்கத்து வீட்டுக்காரர்தான் நாளைக்குக் கதிரையைத் தூக்கப் போகிறவர்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, கண்ணில் படாதது. கிளினிக்கில் ஒரு மருந்து, அவசரத்துக்குப் போன தனியார் வைத்தியரிடம் அதே மருந்து வேறு பெயரில். இரண்டையும் சேர்த்துப் போடுகிறார். எல்லா உறைகளையும் அட்டைகளையும் கிளினிக் கொப்பியோடு ஒரே பையில் எடுத்துக்கொண்டு போய் ஒரு மருந்தாளரிடம் காட்டினால் சில நிமிடத்தில் பிரித்துச் சொல்லிவிடுவார்.

திருத்தம் எளிது. வாசிக்கத் தெரியாதவருக்கு எழுத்து உதவாது. காலை மாத்திரை உறையில் சூரியன், இரவு உறையில் பிறை, பேனாவால் வரைந்துவிடுங்கள். காலைப் பை கேத்தல் பக்கத்தில் தொங்கட்டும், இரவுப் பை தலைமாட்டில். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. பிஸ்கட் டின்னை நீங்கள் ஊருக்குத் திரும்பும்போது எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் பழையபடி ஆகிவிடும்.

குறி: திடீரென்று வியர்க்கிறது, நடுங்குகிறது, உளறுகிறார்

சீனி வருத்தத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவரானால் சீனி இறங்கியிருக்கலாம். மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும். தெளிந்ததும் சோறோ ரொட்டியோ சாப்பிட வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் வேண்டாம், 1990.

ஏன் இறங்கியது? தனியாக இருப்பவர்கள் இரவில் சமைப்பதில்லை. காலையில் சுட்ட ரொட்டியில் பாதி, ஒரு தேத்தண்ணீர், அவ்வளவுதான். மாத்திரை மட்டும் தவறாமல் போகிறது. சாப்பாடு நின்றது எதனால் என்று தேடுங்கள்: பல் வலியாக இருக்கலாம், விறகு தீர்ந்திருக்கலாம், ஒரு ஆளுக்காக அடுப்பு மூட்டவா என்ற சலிப்பாக இருக்கலாம். அதைச் சரி செய்யாமல் குளுக்கோஸ் பக்கெட் வாங்கி வைப்பதில் பயனில்லை.

குறி: காலையில் இருவருக்கும் தலையிடி, குமட்டல், வெளியே வந்தால் தெளிகிறது

"இருவருக்கும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் ஆயிரம் காரணம். ஒரே அறையில் படுத்த இருவருக்கும் ஒரே நேரத்தில் என்றால் கரிப்புகை.

தை மாசியில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி படியும். மிலாறு (கவ்வாத்துச் செய்த தேயிலைக் கிளை) எரித்த தணலைப் பழைய சட்டியில் அள்ளிக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுக் கதவை அடைத்துப் படுப்பார்கள். தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை தெரியவில்லையே என்பது ஆறுதல் ஆகாது. முன்பு கூரைக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்து வழியாக அது வெளியேறியது. இப்போது அப்பா அம்மாவுக்குக் குளிரும் என்று அந்தச் சந்தைப் பொலித்தீன் வைத்து அடைத்துவிட்டோம்.

கதவைத் திறந்து இருவரையும் வெளியே கொண்டுவாருங்கள். மயக்கமோ குழப்பமோ இருந்தால் உடனே வைத்தியசாலை. இனிமேல் தணல் சட்டி படுக்கும் அறைக்குள் வரக் கூடாது. பதிலுக்கு, சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் படுக்கைக்குள் வைத்து, படுக்குமுன் எடுத்துவிடுங்கள். கூடவே வைத்துப் படுத்தால் சீனி வருத்தத்தால் மரத்துப்போன கால் வெந்தாலும் தெரியாது. அதன்பின் கம்பளி மேசும் கம்பளியும் போதும். மேலே போர்த்தக் கம்பளியே நல்லது. தீப்பொறி பட்டால் நைலோன் சால்வை உருகித் தோலில் ஒட்டும்.

குறி: பானை கருகிக் கிடக்கிறது

ஒரு முறை என்றால் மறதி, எவருக்கும் வரும். தொடர்ந்து என்றால் இரண்டைப் பாருங்கள்: மணம் தெரிகிறதா, நினைவு குறைகிறதா. கண்ணை மூடச் சொல்லி மல்லித்தூளை மூக்கருகே பிடித்தால் முதல் கேள்விக்குப் பதில் கிடைக்கும். மணம் தெரியாதவரிடம் கேஸ் அடுப்பை விட்டுவைக்கலாமா என்று இரண்டு முறை யோசியுங்கள். 2021 கடைசியில் நாடெங்கும் கேஸ் அடுப்புகள் வெடித்தபோது பலர் விறகுக்குத் திரும்பினார்கள். விறகுப் புகையால் இருமல் கூடியது. எதிலும் ஒரு விலை இருக்கிறது. கேஸ்தான் என்றால், குழாய் இணைப்பில் சவர்க்கார நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று ஒவ்வொரு வருகையிலும் பாருங்கள். கசியும் கேஸ் காற்றைவிடப் பாரமானது, தரையோடு தங்கும். வாசல் கதவின் அடியில் இடைவெளி இருக்கட்டும். சமையல் ஒரு நேரம், காலையில் பக்கத்தில் ஆள் நடமாட்டம் இருக்கும்போது. மீதி நேரத்துக்குச் சுடுதண்ணீர் பிளாஸ்க்.

குறி: இருட்டோடு எழும்பி வெளியே போய்விடுகிறார்

ஓய்வு பெற்றுப் பல வருடமான அப்பா, விடியுமுன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு (காலையில் வேலைக்குப் பெயர் பதியும் இடத்துக்கு) கிளம்புகிறார். மறித்தால் கோபம் வருகிறது, பெயர் விழாமல் போய்விடும் என்கிறார்.

இந்தக் குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று வந்ததா, மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்ததா? திடீர் என்றால் அதை முதுமை என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று காரணம் இருக்கும்; வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள், பெரும்பாலும் தெளியும். மெல்ல வளர்ந்தது என்றால் ஞாபக மறதி நோயா என்று பார்க்க வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம்.

வெளியிலிருந்து பூட்டுப் போடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியே வர வழி இருக்காது. கதவில் ஒரு மணி கட்டுங்கள், பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும்படி. கோட்டின் உட்பக்கம் தொலைபேசி இலக்கத்தைத் துணியில் எழுதித் தையுங்கள். கங்காணியிடமும் முச்சக்கர வண்டி நிறுத்தத்திலும் சொல்லி வையுங்கள். வாதாடுவதைவிட, "இன்றைக்கு மழை, பெரட்டு பிந்தும், தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம்" என்றால் உட்கார்ந்துவிடுவார். அம்மாவுக்கு இது பொய் சொல்வதாகப் படும். எனக்கு அப்படிப் படவில்லை.

குறி: போன் எடுப்பதில்லை

சிக்னல், சார்ஜ், காது, இந்த ஒழுங்கில் பாருங்கள். பள்ளத்தில் இருக்கும் லயத்தில் ஜன்னலோரம் மட்டும் சிக்னல் இருக்கும். போன் அங்கேயே ஆணியில் தொங்கட்டும். பொத்தான் போன்தான் நல்லது. நாளுக்கு ஒரு குறித்த நேரம்.

ஆனால் போனைவிட நம்பகமானது லயத்துச் சுவர். காலை ஏழு மணிக்குள் வாசல் கதவு திறக்காவிட்டால் தட்டிப் பார்ப்பது என்று பக்கத்து வீட்டோடு ஒப்பந்தம் செய்யுங்கள். தனி வீடு கிடைத்துப் போகும் குடும்பங்கள் இழப்பது இதைத்தான். அங்கே போனால், யாருடைய வாசலிலிருந்து உங்கள் கதவு தெரிகிறது என்று முதல் வாரத்திலேயே கண்டுபிடித்து அவரோடு பேசுங்கள்.

குறி: உதவிக்கு வைத்த ஆளை விரட்டிவிடுகிறார்

சம்பளத்தை நீங்கள் நேரே அனுப்புகிறீர்கள். அம்மாவின் வீட்டில் அம்மா விருந்தாளி ஆகிவிடுகிறார். பணத்தை அம்மாவுக்கு அனுப்பி, அவர் கையால் கொடுக்கச் செய்யுங்கள். ஆளையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

குறி: கையில் காசு நிற்பதில்லை

அரசாங்க நிவாரணமான அஸ்வெசும பணமோ முதியோர் கொடுப்பனவோ வங்கிக்கு வருகிறதா, அட்டையும் இரகசிய இலக்கமும் யார் கையில் என்று பாருங்கள். 60 வயதானவருக்கு முதியோர் அடையாள அட்டை பிரதேச செயலகத்தின் ஊடாக எடுக்கலாம், கிராம உத்தியோகத்தரிடம் தொடங்குங்கள். பிள்ளைகளே கைவிட்டால் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பராமரிப்புச் சபையில் முறையிட இடமுண்டு.

குறி: சுவரில் புது வெடிப்பு, கதவு இறுகுகிறது, ஊற்று நீர் கலங்குகிறது

இது வீட்டுப் பிழை என்று மேசன் பாஸைக் கூப்பிடாதீர்கள். மலை நகர்வதன் அடையாளங்கள் இவை. நிலத்தில் கீறல், சாய்ந்த மின்கம்பம், புதிதாகக் கிளம்பிய ஊற்று, திடீரென்று நின்ற ஊற்று எல்லாம் அதே வகை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்களை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகத்தின் பல இடங்கள் சரிந்தன.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக வெளியிடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்பது முதல் படி, 100 இரண்டாவது, 150 மூன்றாவது. பக்கம் நேராக உள்ள ஒரு டின்னைத் திறந்த வெளியில் வைத்து, உள்ளே ஏழரை சென்ரிமீற்றரில் பெயின்டால் ஒரு கோடு போட்டால் அப்பாவே பார்த்துச் சொல்லுவார். சிவப்பு வந்தால் வெளியேற வேண்டும் என்பது ஓடக்கூடியவர்களுக்கான கணக்கு. முழங்கால் நோவோடு படி இறங்குபவருக்குச் செம்மஞ்சளே சிவப்பு. அதுவும் பகல் வெளிச்சத்தில். இருட்டியபின் மழையில் ஒரு முதியவரை மலைப்பாதையில் இறக்குவது இன்னோர் ஆபத்து.

கதவருகில் ஒரு பை இருக்கட்டும்: ஒரு வார மாத்திரை, கிளினிக் கொப்பியின் பிரதி, அடையாள அட்டை, கண்ணாடி, கம்பளி மேசு, கொஞ்சம் சில்லறை, எழுதிய தொலைபேசி இலக்கங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தையும் அந்தத் தாளில் சேருங்கள். மாத்திரையை ஒவ்வொரு கிளினிக் நாளிலும் புதியதாக மாற்ற வேண்டும். பை தயாராக இருக்கிறது என்று விட்டால் உள்ளே இருப்பது போன வருடத்து மாத்திரையாக இருக்கும். பாடசாலையா, கோயில் மண்டபமா, எங்கே போவது என்பதை அவர்களோடு ஒரு தடவை நடந்தே பார்த்துவிடுங்கள். அங்கே மலசலகூடத்துக்கு எத்தனை படி என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். போக மாட்டேன் என்று அம்மா மறுப்பதற்கு அநேகமாக அதுதான் காரணமாக இருக்கும்.